லைனிங் இல்லாத நாற்பது பாவாடைகள்

பேரன்பும் பெருமரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா சுகம். அம்மாவின் தையல் மெஷின் சுகம். அம்மாவின் வலது முழங்கால், நீங்கள் போன லீவில் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. நான் மட்டும் சுகமில்லை. காய்ச்சலோ சளியோ இல்லை, பயம்தான். நீங்கள் அந்தக் குளிர்க் கிடங்கில் ரெண்டு ஸ்வெட்டரும் ரெண்டு ஜோடி காலுறையும் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் சட்டைக் கை வடிவத்தில் இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். நோட்டில் தாள் கிழித்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள், அதனால் அவள் அளவு மாற்றிக் கழித்துப்போட்ட பிரவுன் பேப்பரில் எழுதுகிறேன். தோள்பட்டையில் ஆரம்பித்திருக்கிறேன். மணிக்கட்டுப் பக்கம் வர வர எழுத்து பொடிப்பொடியாகும், கண்ணாடி போட்டுப் படிக்கவும். வெட்டுமேசைக்கு அடியில், அப்பா லிஃப்ட் ரிப்பேருக்குக் கொண்டுபோகிற டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுவதால் அங்கங்கே ஈரமாக இருக்கும். அது கண்ணீர் இல்லை, எச்சில். கண்ணீர் வந்தால் அந்த இடத்தில் வட்டம் போட்டுக் காட்டுகிறேன். மின்னஞ்சல் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அம்மாவுக்கும் ஒரே மின்னஞ்சல், நான் எழுதினால் உங்களுக்கு முன்னால் அம்மாதான் படிப்பாள். ஃபோன் அவள் தலையணைக்கு அடியில் தூங்குகிறது. தபால்பெட்டி ஒன்றுதான் அம்மாவுக்குப் பாஸ்வேர்டு தெரியாத பெட்டி.

மாமா, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, "இனிமே மிதிக்காமலே தைக்கலாம்க்கா" என்று சொல்லி, எங்கெங்கேயோ இருக்கிற தமிழ்க்காரர்கள் எல்லாம் பொம்மை உருவமாக வந்து உலாத்துகிற அந்த இணைய ஊரை அம்மாவுக்குத் திறந்துவிட்டுப் போனீர்கள் அல்லவா? முதல் மாதம் அம்மா சிரித்தாள். ரெண்டாவது மாதம் ஒரு கழுத்துப்பட்டை தைத்துப் பார்த்தாள். நாலாவது மாதம் அங்கே அவளுக்கென்று ஒரு கடை, கடைக்கு ஒரு போர்டு, போர்டுக்குக் கீழே எந்நேரமும் நிற்கிற ஒரு ஒட்டகச்சிவிங்கி. அந்த ஒட்டகச்சிவிங்கி நிஜத்தில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அங்கே மட்டும் அப்படி. அவருக்குக் கழுத்து அளவு எடுக்க அம்மா ஏணி போட்டாள். "பதினாலு டை கேட்டிருக்கார்டி" என்று அப்பாவிடம் சொல்லும்போது அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். (அப்பாவிடம் 'டி' போட்டதைக் கூட அவள் கவனிக்கவில்லை. அப்பாவும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.)

அதற்கப்புறம்தான் ஊர் திக்க ஆரம்பித்தது. அம்மா ஒரு அடி எடுத்து வைத்தால் காட்சி அப்படியே நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவள் குளத்துக்குள் நின்றுகொண்டிருப்பாள். வாடிக்கையாளர் வந்தால் முதலில் செருப்பு வரும், பிறகு சாம்பல் நிறத்தில் உடம்பு வரும், துணி வரும், முடி மட்டும் கடைசியில் வரும். வருகிறவர் எல்லாரும் மொட்டையாக வந்தால் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா ஒரு மொட்டையிடம் "வாங்க சார், உக்காருங்க" என்று உபசாரம் செய்திருக்கிறாள், முடி வந்ததும் பார்த்தால் அது ஒரு அம்மாள். அந்த அம்மாள் அதற்கப்புறம் கடைப்பக்கமே வரவில்லை.

"நெட்டுல கோளாறு. பாத்து சரி பண்ணுடி" என்று அம்மா என்னிடம் விட்டாள். நான் என்ன, அந்தக் கம்பெனிக்கு இன்ஜினியரா? ஆனாலும் வீட்டிலே படிக்கிற பிள்ளை நான் ஒருத்திதானே. அப்பாவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு உலகத்தில் எது நின்றாலும் அது லிஃப்ட். "லிஃப்ட் நடுவுல நின்னா என்ன பண்ணுவோம்? மெயினை ஆஃப் பண்ணி அறுபது எண்ணுவோம்" என்று வைஃபை பெட்டியைப் பிடுங்கிவிட்டு எண்ண ஆரம்பிப்பார். நாற்பத்து மூன்றில் யாராவது ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்லிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். ஒருநாள் இப்படியே முக்கால் மணி நேரம் போயிற்று. பெட்டி உயரத்தில் இருந்தால் நல்லது என்று எங்கேயோ படித்தேன். முன்னறையில் உயரமான பொருள் என்ன இருக்கிறது, துணி மாட்டி வைக்கிற அந்தத் தலையில்லாப் பொம்மைதான். அதன் கழுத்தில் பெட்டியைக் கட்டினேன். கொஞ்சம் வேகம் வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சாயங்காலம் அளவு கொடுக்க வந்த நர்ஸக்கா, கரண்ட் மங்கலாக இருந்த நேரத்தில், பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ரவிக்கை போட்டு நிற்கிற அதைப் பார்த்துவிட்டு, போட்டிருந்த செருப்பைக் கூட விட்டுவிட்டு ஓடிவிட்டார். செருப்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது.

பிறகு நீளமாக ஒரு வயர் வாங்கி நேராகக் கம்ப்யூட்டருக்கு இழுத்தோம். வாசற்படியில் அது தடுக்கி அப்பா ரெண்டு தடவை விழுந்தார். அம்மா பார்த்தாள், "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று வயரை எடுத்து ஜன்னல் திரையின் கீழ் மடிப்புக்குள் நுழைத்து, அழகாக ஒரு தையல் ஓட்டிவிட்டாள். வயர் இருந்த இடமே தெரியவில்லை மாமா, அவ்வளவு சுத்தம். ஆனால் மறுநாளிலிருந்து காலையில் திரையை விலக்கினால் நெட் போய்விடும், சாத்தினால் வந்துவிடும். வெளிச்சம் வேண்டுமா, ஊர் வேண்டுமா என்று தினமும் சண்டை. சனிக்கிழமை அம்மா பழக்கதோஷத்தில் திரையைக் கழற்றி ஊறப்போட்டுவிட்டாள். சோப்பு நுரைக்குள்ளிருந்து வயரின் மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. காயவைத்து மறுபடி மாட்டினோம், அதே சண்டை தொடர்ந்தது.

சரி, நெட் இல்லை, கம்ப்யூட்டர்தான் சூடாகிறது என்று பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு பூனைக்குட்டி படுத்திருக்கிறது என்று நான் அலறிவிட்டேன். பூனைக்குட்டி இல்லை, பஞ்சு. தையல் அறையில் பறக்கிற நூலும் பிசிறும் எல்லாம் அந்தக் காற்றாடி இழுத்து இழுத்து உருட்டி வைத்திருக்கிறது. அதற்குள் மூன்று குண்டூசியும், அம்மா ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த முத்துப் பட்டனும் இருந்தன. "பாத்தியா, எங்கயும் போகல, வீட்டுக்குள்ளதான் இருக்கும்னு சொன்னேன்ல?" என்று அம்மா பட்டனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கம்ப்யூட்டர் பழையபடிதான் திக்கியது.

அடுத்து நான் அமைப்புகளில் கை வைத்தேன். நிழலை அணைத்தேன். குளத்துத் தண்ணீரின் அலையை அணைத்தேன். எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்பதை முப்பது மீட்டராகக் குறைத்தேன். வேகம் வந்தது, உண்மை. ஆனால் முப்பத்தொன்றாவது மீட்டரில் நின்று கையாட்டிய டான்ஸ் டீச்சர் அம்மாவுக்குத் தெரியவே இல்லை. அம்மா கண்டுகொள்ளாமல் திரும்பி நடந்துவிட்டாள். அந்த டீச்சர்தான், மாமா, நாற்பது பாவாடைக்கு ஆர்டர் கொடுத்தவர். அங்கே ஒரு பெரிய அரங்கத்தில் நாற்பது பேர் ஆடப்போகிறார்கள், இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு. அம்மாவுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். அவரைச் சமாதானம் செய்ய அம்மா நாற்பத்தொன்றாவது பாவாடை ஒன்றை இனாமாகத் தைத்துக் கொடுத்தாள்.

முதல் ஒத்திகையில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. நாற்பது பேரும் பாவாடையைக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். ஊர் நின்றுவிட்டது. எங்கள் கம்ப்யூட்டர் மட்டும் இல்லை, எல்லாருக்கும். பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது, நாற்பது பேரும் ஒரு காலைத் தூக்கியபடி நாலு நிமிடம் சிலையாக நிற்கிறார்கள். பாட்டு முடிந்த பிறகு நாற்பது பேரும் ஒரே குதியில் மேடைக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தார்கள். அந்த ஊருக்கு ஒரு நிர்வாகி உண்டு. எப்போதும் கையைக் கட்டிக்கொண்டே நிற்பார், அவருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது போல. அவர் எழுதிப் போட்டார்: அடுத்த ஒத்திகையிலும் இப்படி நடந்தால் இந்த உடைக்கு அரங்கத்தில் அனுமதி இல்லை.

உடையா? அந்த ஊரில் எதை எடுத்தாலும் குட்டிக் குட்டி முக்கோணங்களை ஒட்டித்தான் செய்திருப்பார்கள். முக்கோணம் ஏற ஏற கம்ப்யூட்டர் திணறும். யார் எவ்வளவு சுமை என்று நிறத்தில் காட்டுகிற ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தட்டினேன். ஒட்டகச்சிவிங்கி, அவ்வளவு பெரிய உருவம், பச்சை. அவர் டை மட்டும் சிவப்பு. குளத்தில் நின்ற கப்பல் மஞ்சள். நாற்பது பாவாடையும் செக்கச்செவேல். என் அம்மா, தலையிலிருந்து கால்வரை தானே தைத்த துணியைப் போட்டுக்கொண்டு நின்றவள், ரத்தச் சிவப்பு. மூன்று மாதமாக நாங்கள் எண்ணிய அறுபது, கட்டிய பொம்மை, துவைத்த வயர் எல்லாம் வீண். ஊரைத் திக்கவைத்தது அம்மா.

ஒரு பாவாடையை எடுத்து உள்ளே புகுந்து பார்த்தேன் மாமா. நீங்கள் அம்மாவை அறிவீர்கள். கடையில் எதை வாங்கினாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவள். இடுப்புப் பட்டைக்குள் கேன்வாஸ் வைத்திருந்தாள். பட்டனுக்கு நாலு ஓட்டை, நாலு ஓட்டை வழியாக நூல், அந்த நூல் நாலு இழை முறுக்கிய நூல். பைக்குள் ஒரு சின்னப் பை. ஓரத்தில் ரெண்டு இஞ்ச் உள்ளே மடித்துவிட்ட துணி. எல்லாவற்றுக்கும் மேலே இடுப்பிலிருந்து விளிம்பு வரை முழு லைனிங், அதுவும் மேல் துணியைப் போலவே மடிப்பு மடிப்பாக. யார் கண்ணிலும் படாத அந்த உள்பக்கத்தில் இருந்த முக்கோணங்கள் அந்தக் கப்பலில் இல்லை. நான் மெல்ல, வேறு எதையோ கேட்பது மாதிரி, "ஓரத்துல எதுக்கும்மா துணி விட்டிருக்க?" என்று கேட்டேன். "நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சுவிட வேணாமா?" என்றாள். "அங்க யாரும் குண்டாக மாட்டாங்கம்மா." "அதை நீ சொல்லாத. உடம்புன்னு ஒண்ணு இருந்தா என்னிக்காவது ஏறும்."

அவளிடம் நேராக எப்படிச் சொல்வது? "அம்மா, நீ நல்லா தச்சதுதான் தப்பு" என்றா? நீங்கள் சொல்வீர்களா? நீங்களே அவளிடம் பேசும்போது எழுந்து நின்று பேசுகிற ஆள்.

அதனால் வெள்ளிக்கிழமை, அம்மா முழங்காலைக் காட்ட டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், நான் அவள் கோப்பைத் திறந்தேன். நாற்பதும் ஒரே கோப்பு. லைனிங்கைத் தொட்டேன், ஒரு பட்டனை அழுத்தினேன், போயிற்று. அம்மா மூன்று வாரம் செய்ததை எடுக்க மூன்று விநாடி ஆகவில்லை. பழையதன் மேலேயே சேமிக்கட்டுமா என்று அது கேட்டது, ஆமாம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. மெஷினுக்கே சந்தேகம் வந்திருக்கிறது, எனக்கு வரவில்லை பாருங்கள். சிவப்பு போய் மஞ்சள் வந்தது, பட்டன் நூலையும் எடுத்தேன், பச்சை வந்தது. நான் அறைக்குள் தனியாக ஒரு ஆட்டம் போட்டேன். அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது ஒத்திகை. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அப்பாவும் நாற்காலி போட்டார். பாட்டு ஆரம்பித்தது. திக்கவே இல்லை மாமா! தண்ணீர் மாதிரி ஓடியது. நிர்வாகி கட்டிய கையோடு தலையை ஆட்டினார். அம்மா என் முதுகில் தட்டி, "எம்பொண்ணு எப்படியோ சரி பண்ணிட்டா பாருங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது.

அப்புறம் நாற்பது பேரும் சுழன்றார்கள்.

உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் துணிக்கு ஒரு முகம்தான். வெளியிலிருந்து பார்த்தால் துணி, உள்ளிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே கிடையாது, காற்று. உள்பக்கம் தெரிய வேண்டுமானால் உள்ளே பார்க்கிற மாதிரி இன்னொரு துணி வைக்க வேண்டும். அதுதான் லைனிங். போதாததற்கு, துணியைக் குத்திக்கொண்டு கால் வெளியே தெரியாமல் இருக்க, பாவாடை கட்டினால் இடுப்புக்குக் கீழே உடம்பை மறைத்துவிடுவது அங்கே எல்லாரும் செய்கிற ஏற்பாடு. ஆகவே சுழன்ற வேகத்தில் பாவாடை குடை மாதிரி மேலே எழும்பியதும் என்ன நடந்தது என்றால், பாவாடை மறைந்தது, கால் ஏற்கெனவே இல்லை, செருப்பு மட்டும் இருந்தது. நாற்பது பேர் இடுப்போடு அந்தரத்தில் மிதக்க, கீழே எண்பது செருப்புகள் தாளம் தப்பாமல் தனியாக ஆடின. சுழற்சி நின்றால் எல்லாம் திரும்பி வரும். மறுபடி சுழன்றால் மறுபடி செருப்பு. டான்ஸ் டீச்சர் "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்துகிறார். ஒட்டகச்சிவிங்கி மட்டும் எழுந்து நின்று, "பிரமாதம், பிரமாதம், இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல!" என்று கைதட்டினார். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார், உள்ளே குழாயைத் திறந்துவிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது மாமா, பொய் சொல்ல மாட்டேன். அம்மாவைத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் வந்தது.

அம்மா மௌஸைப் பிடித்தாள். திரையில் ஒரு பாவாடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஏழெட்டு பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, "நான் லைனிங் வெக்கலையா?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, தன் கையைப் பார்த்துக் கேட்டாள்.

அவளுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வெச்ச மாதிரி நல்லா ஞாபகம் இருக்குதே... ஒவ்வொரு மடிப்பா வெச்சேனே..." என்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "விடு, வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் அப்படித்தான்" என்றார். அறுபது எண்ணத் தெரியாத மனிதருக்கு இது தேவையா? அம்மா அதற்கும் சண்டை போடவில்லை. மாமா, அம்மா சண்டை போடவில்லை!

நேற்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கிறாள். அலமாரியில் பத்து வருஷத்துக்கு முன்னால் தைத்த என் குட்டிக் கவுன் வரைக்கும் எடுத்து உள்பக்கத்தைப் பார்க்கிறாள். நர்ஸக்காவின் ரவிக்கையைத் தைத்து முடித்துவிட்டு, கை ரெண்டையும் வைத்தேனா என்று எண்ணுகிறாள். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: லைனிங், காஜா, கொக்கி, இஸ்திரிப் பெட்டி, கேஸ். இன்று காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் மூன்று தடவை, "கேஸை அணைச்சேனா, பாரு" என்று அனுப்பினாள். மூன்று தடவையும் அணைத்துத்தான் இருந்தது. மத்தியானம் டான்ஸ் டீச்சருக்கு எழுதியிருக்கிறாள்: 'வேறு யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள், எனக்கு முன்னைப்போல நினைவு நிற்பதில்லை.' அதை அனுப்பவில்லை, எழுதி அப்படியே வைத்திருக்கிறாள். நாளைக்கு அனுப்பிவிடுவாள் என்று நினைக்கிறேன். நல்ல நினைவோடு இருக்கிற அம்மாவுக்கு நினைவு போய்விட்டது என்று நானே நம்ப வைத்துவிட்டேன்.

(இங்கே ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்.)

சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை கொட்டாவியாக முடிந்தது. ரெண்டாவது தடவை "பசிக்குதும்மா" என்று வந்தது, சாப்பிட வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை வாய்க்குள் சோறு இருந்தது. நாலாவது தடவை, "சொல்லுடி, என்ன?" என்று அவள் வழக்கமான குரலில் கேட்காமல், "என்னடா கண்ணு?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் குரலுக்கு உண்மையைச் சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

ஆகவே மாமா, தயவுசெய்து ஒரு பொய் சொல்லுங்கள். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஃபோன் பண்ணும்போது, நான் எதுவும் எழுதாத மாதிரி, நீங்களாகவே ஆரம்பியுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறேன்: "அக்கா, ஒரு சேதி கேள்விப்பட்டேன். அந்தக் கம்பெனிக்காரன் போன வாரம் ஏதோ மாத்தினானாம், அதுல நிறைய பேரோட துணியில லைனிங் எல்லாம் தானா அழிஞ்சிபோச்சாம். உன்னோடதும் போயிருக்கா?" இதில் 'உன்னோடதும்' முக்கியம், மற்றவர்களுக்கும் போயிருக்கிறது என்று அவள் நினைக்க வேண்டும். வேகமாகச் சொல்லாதீர்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்லாதீர்கள், அப்பா நடுவில் புகுந்து மெயினை ஆஃப் பண்ணச் சொல்வார். எந்தக் கம்பெனி, யார் சொன்னது என்று கேட்டால், கிடங்கில் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுங்கள். அதுவரை அவள் டீச்சருக்கு எழுதியதை அனுப்பாமல் நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும் முன் வயர் தைத்த ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன், நெட் வராது.

உங்களுக்குப் பொய் பிடிக்காது என்று தெரியும். என் தலையெழுத்துக்காக இல்லாவிட்டாலும் உங்கள் அக்காவின் கைக்காகச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைக்கு என் முத்தம், கன்னத்தில் ஒன்று, பாதத்தில் ரெண்டு. நீங்கள் எல்லாரும் குளிரில்லாத இடத்தில் சீக்கிரம் வேலை மாறி, மூக்கடைப்பு இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அப்பா உங்களை விசாரித்தார் என்று எழுத ஆசை, ஆனால் அவர் தூங்குகிறார்.

இப்படிக்கு,
மணிக்கட்டு வரை வந்துவிட்ட,
உங்கள் அன்புள்ள, பயந்த அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். இது இன்னொரு கையின் பேப்பர், இடது கை.

உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் அம்மா எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தாள். போனாள். கட்டில் சத்தம் கேட்டது. மறுபடி எழுந்து வந்தாள், மறுபடி தொட்டுப் பார்த்தாள். போனாள். மூன்றாவது தடவை வந்து, ஸ்விட்சின் மேல் கையை வைத்தபடியே நின்றுவிட்டாள். எனக்கு மேசைக்கு அடியில் என்ன ஆனதோ தெரியவில்லை, "அணைச்சுத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். மேசை பேசியதும் அம்மா வீல் என்று கத்தினாள். பயத்தில் நானும் கத்தினேன், டார்ச் விழுந்தது. அப்பா "யாரு உள்ள மாட்டிக்கிட்டது?" என்று தூக்கத்திலேயே ஓடிவந்தார். நான் மேசைக்கு அடியிலிருந்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெளியே வந்து சொல்லத் தைரியம் இல்லை.

"அப்ப நான் லைனிங் வெச்சேனா?" என்றாள் அம்மா.

"வெச்சம்மா."

"முழுசா?"

"முழுசாம்மா. நான்தான் எடுத்தேன்."

"விளிம்பு வரைக்கும்?"

"விளிம்பு வரைக்கும்மா."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலியையும் மறந்து அப்படியே உட்கார்ந்து சிரித்தாள் மாமா. அழுகிறாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன், சிரிப்புதான். "வயசாச்சுன்னு சொன்னீங்கள்ல, இப்ப சொல்லுங்க!" என்று அப்பாவின் தோளில் ரெண்டு அடி வைத்தாள். எட்டிப் பார்த்தது தப்பு, தலை வெளியே வந்ததும் என் காதைப் பிடித்துக்கொண்டாள். நல்ல திருகு. என் அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று அந்தத் திருகிலேயே தெரிந்தது.

காதை விடாமலே கேட்டாள்: "ஏண்டி, என்னைக் கேட்டிருந்தா என்ன? ஆடுறவங்களுக்கு யாராவது முழு லைனிங் வெப்பாங்களா? கனத்துல சுத்த முடியுமா? விளிம்புலேருந்து ஒரு சாண் வெச்சா போதும், தூக்குறப்ப தெரியுறது அவ்வளவுதான். மேல வெறும் இடுப்புப் பட்டை. இது ஒரு மணி நேர வேலை." வைத்தும் காட்டினாள். நாங்கள் மூன்று பேரும் இப்போது கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறோம். பாவாடை சுழல்கிறது, உள்பக்கம் பளபளவென்று தெரிகிறது, நிறம் பச்சை. பட்டனுக்கு நூலும் இல்லை, துணியோடு துணியாக ஒட்டிவிட்டாள். டீச்சருக்கு எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டு, 'சனிக்கிழமை எல்லாரும் ஒருதரம் போட்டுப் பார்க்க வாருங்கள்' என்று அனுப்பியாயிற்று. "அப்புறம் ஏம்மா அவ்வளவு வெச்ச?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: "கம்ப்யூட்டர்ல எதுக்கும் கனமே கிடையாது, எவ்வளவு வேணா வெக்கலாம்னு சொன்னாங்க. அதான். இத்தனை வருஷமா துணி பத்தாம, நேரம் பத்தாம வெக்காம விட்டதையெல்லாம் ஒரு ஆசைக்கு வெச்சுப் பாத்தேன்."

ஆகவே நீங்கள் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டாம். நான் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப்போடுங்கள்.

ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. கனமே கிடையாது என்று யார் சொன்னது என்று அம்மா யோசித்தாள். "நீயா, உன் மாமாவா?" என்று கேட்டாள். காது அப்போதும் அவள் கையில்தான் இருந்தது மாமா, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். சொன்னது நான்தான். நீங்கள் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்பாள். எழுந்து நின்று, "ஆமாக்கா, நான்தான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் காது அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.